வருத்தம் சொல்லும் கடமை

மாத்தளை நகரைத் தாண்டி ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கமாக மூன்று கிலோமீற்றர் போனால், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பெரும் பாறைகளுக்கிடையில் அலுவிகாரை இருக்கிறது. வருகிறவர்களுக்கு அங்கே ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணி சரசரவென்று ஓடும். எழுதி முடித்த கையோடு பார்த்தால் ஓலையில் ஒன்றுமே தெரியாது. கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசித் துணியால் துடைத்தெடுப்பார்கள். கீறலுக்குள் தங்கிய கரி மட்டும் மிஞ்சும். வந்தவரின் பெயர் அப்போதுதான் கறுப்பாக எழுந்து வரும்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று சிங்கள மக்கள் அழைக்கும் வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை நாவிலும் நினைவிலும் மட்டுமே வாழ்ந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் ஏறியது இங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் பிக்குகளை வாரிக்கொண்டு போன காலம் அது. ஒரு பகுதியை மனப்பாடமாக வைத்திருந்தவர் செத்தால் அந்தப் பகுதியும் அவரோடு போய்விடும். அந்தப் பயம்தான் எழுத வைத்தது. மனித உடம்பை நம்பி எதையும் விட்டுவைக்க முடியாது என்று கண்டவர்கள் எழுதிய அந்த ஏடுகளுக்குள், உடம்பு கைவிட்ட ஒரு மனிதரின் கதையும் இருக்கிறது. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் கதை.

ஒரு பிக்குவுக்கு வயிற்றுக்கடுப்பு. எழுந்திருக்க முடியாமல் தன் மலசலத்திலேயே கிடக்கிறார். ஆனந்தரோடு அந்தப் பக்கமாக வந்த புத்தர் அவரைக் காண்கிறார். உம்மைப் பார்த்துக்கொள்ள யாருமில்லையா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் நோயாளி. ஏன் என்று கேட்டால் வருகிற பதில்தான் கதையின் முள். தான் மற்றவர்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் அவர்களும் தன்னைப் பார்ப்பதில்லை என்கிறார் அவர். கோபமில்லை, முறைப்பாடுமில்லை. தன்னைக் கைவிட்ட நியாயத்தை அவரே ஒப்புக்கொண்டு சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சபை கூடுகிறது. தாயும் தகப்பனும் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டவர்கள் நீங்கள், ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார் என்று கேட்கிறார் புத்தர். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று அவர் சொன்னதாக வருவது இந்த இடத்தில்தான். இலங்கையில் எத்தனையோ ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதிவைத்திருக்கும் வாசகம் அது.

சுவரில் ஏறாத பகுதிதான் இன்னும் சுவையானது.

புத்தர் உபதேசத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சட்டமும் போட்டார். நோயாளிக்கு உபாத்தியாயர் இருந்தால், சுகமாகும் வரை அவர் பார்க்க வேண்டும். அவர் இல்லையென்றால் ஆசிரியர், அவரும் இல்லையென்றால் மாணவர், பிறகு உடன் பயில்பவர். ஒருவருமே இல்லையென்றால் சங்கம் முழுவதுக்கும் அது பொறுப்பு. பார்க்காமல் விட்டால் குற்றம். அடுத்து, பார்த்துக்கொள்ள எளிதான நோயாளிக்கு ஐந்து இலக்கணம் சொல்கிறது அந்த ஏடு. தனக்கு ஒத்துக்கொள்வதைச் செய்வார். ஒத்துக்கொள்வதிலும் அளவு அறிவார். மருந்து சாப்பிடுவார். கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது, அப்படியே இருந்தால் அப்படியே இருக்கிறது என்று நோயை உள்ளபடி சொல்வார். வலியைத் தாங்குவார். பார்த்துக்கொள்பவருக்கும் அதேபோல ஐந்து உண்டு. மருந்து தயாரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆவதையும் ஆகாததையும் பிரித்தறிந்து, ஆவதைக் கொண்டுவந்து ஆகாததை அப்புறப்படுத்த வேண்டும். ஆதாயம் கருதாமல் அன்பினால் செய்ய வேண்டும். மலம், சலம், எச்சில், வாந்தி எதற்கும் அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல வார்த்தை பேசி நோயாளியின் மனதைத் தேற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளியும் பராமரிப்பவரும் கூட்டாளிகள் என்று இன்றைய சுகாதாரத் துறை கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்து, இருவருக்கும் தேறும் தகுதியும் தேறாத தகுதியும் எழுதிவைத்த ஏடு மாத்தளையில் உருவாகி இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது. அதில் ஒரு சின்னச் சொல்லைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நோயை உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற விதி, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கண்டவரிடமும் அல்ல. 'அத்தகாம' என்று பாளியில் ஓர் அடைமொழி போட்டிருக்கிறது. நோயாளியின் நலத்தை விரும்புகிறவர் என்று பொருள். அப்படிப்பட்டவரிடம் மறைத்தால்தான் குறை. அந்த அடைமொழி இல்லாத இடத்தில் நோயாளிக்கு உண்மை பேசும் கடமை இருக்கிறதா? ஏடு அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மாத்தளை மலைகளில் வாழ்ந்தவர்களுக்கு இது வெறும் தத்துவக் கேள்வியாக இருந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, 100 மைலுக்கும் அதிகமான காட்டுப்பாதையை நடந்தே கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு ஏறினார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே வந்தன. நடக்க முடியாமல் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தெம்பில்லை; வழியோரத்தில் விட்டுவிட்டுப் போனதும் நடந்தது. அலுவிகாரைப் பாறைகளை ஒட்டித்தான் அந்தக் கூட்டம் மாத்தளைக்குள் நுழைந்தது. தாயும் தகப்பனும் இல்லாத இடத்துக்கு வந்தவர்கள் இவர்களும்தான். வேலைக்கு ஆகாதவரைப் பார்க்க ஆளில்லை என்ற அந்தப் பழைய கணக்கே இங்கேயும் நடந்தது.

தோட்டத்துக்குள் வந்த பிறகும் நோயைச் சொல்ல ஓர் இடம் இருந்தது. பெரட்டுக்களம்! விடிகாலையில் பேர் பதியும் இடத்தில், கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்ல வேண்டும். அன்றைய ஆள்கணக்கு குறையக்கூடாது என்பதே அவர்களுடைய கவலை. வருத்தம் என்று சொன்னால் டிமிக்கி என்ற சந்தேகம் முதலில் வரும், மருந்துத் துண்டு அதற்குப் பிறகுதான் வரும். 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று முதல் சட்டம் வந்தது, 1912 இல் இன்னொன்று. டிஸ்பென்சரியும் மருந்தும் சட்டப்படி வந்து சேர்ந்தன. நலம் விரும்பிக் கேட்கிற காதைச் சட்டத்தால் வரவழைக்க முடியவில்லை. அந்தச் சூழலில் வயிற்றுவலியை மறைத்தவரும், இல்லாத காய்ச்சலைச் சொன்னவரும் பொய்யர்கள் என்று தீர்ப்பெழுத விநய ஏட்டைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அத்தகாம என்ற சொல் குறுக்கே நிற்கும்.

நோயை மறைக்கும் அந்தப் பழக்கம் பெரட்டுக்களத்தோடு போய்விடவில்லை. இன்று ஒரு கிளினிக் காலையை எடுத்துக்கொள்வோம். ரத்தோட்டைப் பக்கமோ எல்கடுவைப் பக்கமோ, எந்த ஊர் என்பது முக்கியமில்லை. ஐந்தரை மணிக்கே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் மரவாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் மடியிலும் ஒரு கொப்பி. இலங்கைக் கிளினிக்குகளின் அருமையான ஏற்பாடு இந்தக் கொப்பி. சீனி வருத்தமோ பிரஷரோ, மாதாமாதம் டொக்டர் எழுதுவதெல்லாம் நோயாளியின் கையிலேயே இருக்கும். அட்டை கிழியாமல் பழைய கலண்டர்த் தாளால் உறை போட்டு, மழை படாமல் ஷொப்பிங் பேக்குக்குள் சுருட்டி, வீட்டில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். தன் உடம்பைப் பற்றிய அந்தப் புத்தகத்தை அதன் சொந்தக்காரியால் வாசிக்க முடியாது. அது ஆங்கிலத்தில் இருக்கும், அதுவும் டொக்டர் கையெழுத்தில்.

வாங்கில் இருப்பவர்களின் கைகளைப் பார்த்தால் மாவட்டத்தின் முழுப்படமும் கிடைக்கும். ஒரு மணிக்கட்டில் வெள்ளைப் பிரித் நூல். அடுத்ததில் முத்துமாரியம்மன் கோவிலில் கட்டிய மஞ்சள் கயிறு. இன்னொருவர் பையில், ஓதி ஊதிய தண்ணீர்ப் போத்தல். 2012 கணக்கெடுப்பின்படி மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழ 4,84,000 பேர். பெரும்பான்மை சிங்களவர், தமிழர் பத்தில் ஒருவர் அளவு, முஸ்லிம்களும் அதற்குச் சற்றுக் குறைவாக. நூலைக் கண்டதும் சினக்கும் டொக்டர்மாரும் உண்டு. மாத்திரைக்கு நூல் போட்டி என்று அவர்கள் நினைக்கிறார்கள். நூலால் வருகிற கெடுதல் மிகக் குறைவு. ஏச்சுக்குப் பயந்து, நூலோடு சேர்த்து நாட்டு வைத்தியரிடம் வாங்கிய கசாயத்தையும் மறைத்துவிடுவதுதான் கெடுதல். ஆயுர்வேதத்துக்கு இந்த நாட்டில் 1961 இலேயே தனிச் சட்டம் உண்டு, அரசு ஆஸ்பத்திரியும் உண்டு. இரண்டு பக்கமும் மருந்து வாங்கும் நோயாளிக்குள் மட்டும் அந்த இரண்டு மருத்துவமும் ஒன்றையொன்று தெரியாமல் சந்தித்துக்கொள்கின்றன.

இனி மொழி. மலைநாட்டுத் தமிழில் வலி ஒன்றல்ல. குத்துது, கடுக்குது, உளையுது, இழுக்குது, எரியுது, விண்விண்ணென்று தெறிக்குது என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறுப்பையும் ஒவ்வொரு நோயையும் காட்டும். கொழுந்து பறிக்கும் ஒருத்தி, தமிழ் தெரியாத டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் இத்தனையும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். 'ரிதெனவா.' சிங்களத்திலும் வலிக்கு ஏராளம் சொற்கள் இருக்கின்றன, அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். 1987 இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் அந்த மேசைக்குப் பக்கத்தில் இருப்பாரா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். சிங்களம் படித்த பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் பலருடைய ஏற்பாடு. பதின்மூன்று வயதுப் பேரனிடம் கருப்பை இறங்கியிருப்பதை எந்தப் பாட்டி சொல்வாள்? முழங்கால் வலி என்பாள். கொப்பியில் முழங்கால் வலி என்று ஏறும். அவள் பொய் சொன்னாளா?

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவம் என்பது நான்கு பேர் சேர்ந்த காரியம் என்று பிரிக்கிறது. அந்த நால்வரில் வள்ளுவர் முதலில் நிறுத்துவது நோயாளியை, பிறகு மருத்துவனை, பிறகு மருந்தை, கடைசியில் பக்கத்தில் இருப்பவனை. ஆயுர்வேதத்தின் சரக சங்கிதையும் இதே நான்கைத்தான் சொல்கிறது. அங்கே வரிசை வேறு. மருத்துவர் முதல், நோயாளி கடைசி. நான்கிலும் மருத்துவரே தலையானவர், குயவன் இல்லாமல் மண்ணும் சக்கரமும் என்ன செய்யும் என்பது சரகரின் வாதம். குறளின் வரிசை யாப்புக்காக அமைந்தது என்று யாரும் சொல்லலாம், மறுப்பது கடினம். ஆனாலும் தமிழில் இந்த நான்கையும் எண்ணத் தொடங்கும் வாய் நோயாளியிலிருந்துதான் தொடங்குகிறது. நான்காமவனுக்கு வள்ளுவர் வைத்த பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். தாதி, பணியாள் என்றெல்லாம் பிரிக்காமல், பக்கத்தில் செல்பவன் என்று முடித்துவிட்டார்.

குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் நால்வருக்கும் நான்கு நான்காகப் பதினாறு குணம் எழுதினார். நோயாளியின் நான்கில் நோய்நிலையை உணர்த்துவது ஒன்று, மருந்தின் துன்பத்தைப் பொறுப்பது ஒன்று, மருத்துவன் வழி நிற்பது ஒன்று. முதலாவதாக அவர் வைத்தது பொருளுடைமை. கையில் காசு! ஆயுர்வேத ஆசிரியர் வாகபடரும் அதையே கேட்கிறார். கட்டணத்தை எடுத்துவிட்டு, 1951 முதல் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கும் இலங்கை, பரிமேலழகரின் முதல் நிபந்தனையைச் சட்டத்தால் அடித்துவிட்டது. முழுக்க அல்ல. கிளினிக்குக்கு வந்தால் அன்றைய நாட்பேர் போகும், பஸ் காசு போகும், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதினால் அதுவும் போகும். இன்னொரு வேறுபாடும் கண்ணில் படுகிறது. மருத்துவன் வழி நிற்றல் சரகரிடமும் வாகபடரிடமும் பரிமேலழகரிடமும் உண்டு. விநயத்தின் ஐந்தில் அது இல்லை. மருந்து சாப்பிட வேண்டும், ஒத்துக்கொள்வதைச் செய்ய வேண்டும், உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கீழ்ப்படிய வேண்டும் என்று அங்கே எழுதவில்லை.

இதையெல்லாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் பதில் ஒன்று மலைநாட்டில் எப்போதும் தயாராக இருக்கும். தலையெழுத்து. போன பிறவியின் வினை உடம்பில் வந்து நிற்கிறது என்றால், டொக்டரும் நோயாளியும் சேர்ந்து செய்ய என்ன மிச்சம்? இந்தப் பதிலைச் சமயத்தின் பதில் என்று நினைப்பவர்கள் சமய நூல்களை அவ்வளவாகப் புரட்டியிருக்க மாட்டார்கள். சங்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி புத்தரிடம் இதைத்தான் கேட்கிறான். மனிதர் படும் எல்லாமே பழவினையால்தான் என்கிறார்களே? அப்படிச் சொல்பவர்கள் தம் அனுபவத்தையும் மீறுகிறார்கள், உலகம் அறிந்த உண்மையையும் மீறுகிறார்கள் என்பது பதில். பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடம்பைப் பேணாத நடத்தை, தாக்குதல், கடைசியாகத்தான் வினைப்பயன். எட்டில் ஒன்று. மருந்து அதிகாரத்துக்கு முன்னுரை எழுதிய பரிமேலழகரும் நோயை இரண்டாகப் பிரிக்கிறார். பழவினையால் வருவது அது கழிந்தால்தான் தீரும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, மற்றக் காரணங்களால் வருவதற்கே மருந்து என்று மேலே போகிறார். வினையை அவர் மறுக்கவில்லை, வேலையைத் தொடங்க அதைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார்.

சிக்கல் ஒன்று உண்டு. எது வினையால் வந்தது, எது வாதத்தால் வந்தது என்று நோயாளியின் நெற்றியில் எழுதியிருக்காது. அங்குத்தர நிகாயத்தில் நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கும் ஓர் உவமை வருகிறது. எப்படிப் பார்த்தாலும் பிழைக்காதவர், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பிழைப்பவர், பார்த்தால் மட்டும் பிழைப்பவர். மருந்தும் பராமரிப்பும் மூன்றாமவரை முன்னிட்டு விதித்தவை. ஆனால் அவரை முன்னிட்டு மற்ற இருவரையும் பார்க்க வேண்டும் என்கிறது அந்த ஏடு. உபதேசம் யாருக்குச் செய்வது என்பதற்காகச் சொன்ன உவமை அது. ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் பொருந்துகிறது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், நக்கில்ஸ் மலைக்கு அப்பால், வில்கமுவ என்ற வயல் பிரதேசம். மலைத்தோட்டத்துக்கும் அதற்கும் காற்றும் வேறு, மொழியும் வேறு. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த நோய் இது. பெரும்பாலும் வயலில் உழைப்பவரைப் பிடிக்கிறது. கடினத்தன்மை கூடிய நிலத்தடி நீர், புளோரைட்டு, பூச்சிமருந்து, வெயிலில் உடம்பு வற்றுவது என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள், ஒன்றிலும் முடிவாகவில்லை. தொடக்கத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. உள்ளபடி சொல்ல நோயாளிக்கே ஒன்றும் தெரியாது. சலத்தையும் இரத்தத்தையும் சோதித்து டொக்டர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏன் வந்தது என்று நோயாளி திருப்பிக் கேட்டால், தெரியாது என்ற உண்மையையும் அவரே சொல்ல வேண்டும். உண்மை பேசும் கடமை மேசையின் மறுபக்கம் போய்விடுகிறது. தெரியாது என்று சொல்லக் கூசும் மருத்துவம், நோயாளியிடம் மட்டும் உள்ளதைச் சொல் என்று எப்படிக் கேட்கும்? ஊர்க்காரர்கள் இந்தத் தெரியாமைக்காகக் காத்திருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை விட்டார்கள். கடற்படை பல ஊர்களில் நிறுவிக்கொடுத்த நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு முன்னால் சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு நிற்பது இந்தப் பிரதேசங்களின் அன்றாடக் காட்சியாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நோயாளி வருவதை விட்டு, நோயாளியின் வாசலுக்கு ஆள் போனால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப்போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2020 பெப்ரவரியில் வெளியானது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை என்று மூன்று நாடுகளிலும் பத்துப் பத்தாக 30 கிராமப்புறச் சமூகங்கள், பிரஷர் உள்ள 2,645 பேர், இரண்டு ஆண்டு. பாதி இடங்களில் ஊர் சுகாதார ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய் பிரஷரை அளந்து, பேசி, தேவையானால் டொக்டரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் ஏற்கெனவே ஊருக்குள் நடமாடும் குடும்பநல மருத்துவமாதுகள். தோட்டத்தில் சொன்னால் 'மிஸ்ஸி'. அந்த இடங்களில் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி இறங்கியது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த இடங்களில் 4 புள்ளியளவு. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை.

வீட்டு வாசலில் என்ன மாறுகிறது? கிளினிக்கில் பிரஷர் இறங்காத ஒருத்தியை நினைத்துக்கொள்ளலாம். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்பாள், மாதாமாதம். லயத்துக்கு வந்த மிஸ்ஸி தேத்தண்ணி குடித்துவிட்டு, மாத்திரைகளை எடுத்துக் காட்டச் சொல்கிறார். பழைய பால்மா டின் ஒன்று வருகிறது. பாதிக்கு மேல் மாத்திரை. எல்லாம் ஒரே நிறம். சலத்தைக் கூட்டிவிடும் மாத்திரை. காலையில் அதைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒதுங்க வேண்டிவரும். மலையில் எங்கே ஒதுங்குவது? நிரையில் முன்னும் பின்னும் ஆள், கீழே கங்காணி. இதைக் கிளினிக்கில் ஆண் டொக்டரிடம், பேரன் மூலமாகச் சிங்களத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் கைகளை உயர்த்தட்டும். மிஸ்ஸி டொக்டரிடம் பேசுகிறார். மாத்திரையை மத்தியானத்துக்குப் பிறகு, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்ததும் போடலாம் என்று முடிவாகிறது. இராத்திரிக்குத் தள்ள முடியாது. லயத்துக் கக்கூசுக்கு இருட்டில் நடக்க வேண்டும் என்று அவளே குறுக்கிட்டுச் சொல்கிறாள். நாலு மணி என்று மூவரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் கேரளத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ்குமாரும் தோழர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சில ஆண்டில் அது மலப்புறம் பக்கம் ஊர்ச் சங்கங்களாகப் பரவியது. கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர் என்று சாதாரண மனிதர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு வாரம்தோறும் போனார்கள். 2008 இல் மாநில அரசே அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. எப்படிப் பார்த்தாலும் பிழைக்காதவர் என்று அந்தப் பழைய உவமை முதலாவதாகச் சொன்ன நோயாளியின் கட்டிலருகில் ஊரே உட்கார்ந்த கதை இது. அன்பினால் மட்டுமே, ஆதாயம் கருதாமல் என்ற இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

ஆனால் ஆதாயம் கருதாமல் என்பதை எடுத்துக்கொண்டு சும்மா வேலை வாங்குகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருப்பார்கள் என்று விநயத்தைத் தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளிக் கதைக்கு அடுத்ததாகவே இன்னொரு விதி வருகிறது. இறந்த பிக்குவின் உடைமைக்குச் சங்கமே சொந்தக்காரர் என்றாலும், அவருடைய பாத்திரமும் சீவரமும் அவரைப் பார்த்துக்கொண்டவருக்குப் போகலாம். பார்த்துக்கொண்டவர் பெரும் உபகாரம் செய்தவர் என்று காரணமும் சொல்லியிருக்கிறது. பெரும்பாலும் துறவியிடம் இருந்த சொத்து அவ்வளவுதான். உழைச்செல்வானுக்கு ஒரு கூலியை ஏடு எழுதிவைத்துவிட்டது.

கிளினிக் கொப்பியில் அவருக்கு இடமில்லை. திகதி, பிரஷர், சீனி அளவு, மருந்தின் பெயர், அடுத்த முறை வரவேண்டிய நாள், இவ்வளவும் இருக்கும். விடிகாலைப் பஸ்ஸில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, மூன்று மணி நேரம் வாங்கில் காத்திருந்து, ரிதெனவா என்ற ஒற்றைச் சொல்லைத் தன்னால் முடிந்தவரை நாலைந்தாகப் பிரித்துச் சொல்லி, மருந்துப் பொதிகளில் எது காலை எது இராத்திரி என்று கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு, மத்தியானப் பஸ்ஸில் திரும்பும் பிள்ளையின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தப் பெயர் அன்றைக்கு ஏறுவது தோட்டப் பாடசாலையின் வரவு இடாப்பில். எதிரே, வரவில்லை என்று.